மனச்சோர்வா, வெறும் அலுப்பா? அடையாளம் காண்பதிலிருந்து மாத்திரையை நிறுத்துவது வரை: திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கம்மா தினமும் 800 பீடி சுற்றுகிறவள். சுளகை மடியில் வைத்துவிட்டால் டி.வி. ஒரு பக்கம், பக்கத்து வீட்டு மைனியோடு பேச்சு ஒரு பக்கம் என்று இருப்பாள். கை மட்டும் தன்பாட்டுக்கு ஓடும். ஓர் ஐப்பசியில் அந்த 800 என்பது 500 ஆனது. கார்த்திகையில் 300. அதிலும் பாதியைக் கடையில் கழித்துப் போட்டார்கள். தூள் கொட்டுகிறது, வாய் சரியாக மடங்கவில்லை என்றார்கள். என்னம்மா என்று கேட்டால், “கை வலிக்குட்டி” என்றாள். பிறகு “வயித்துக்குள்ள என்னமோ உருளுது” என்றாள். ஒரு நாள்கூட அழவில்லை.

அவள் அழாததால் மனச்சோர்வு என்ற சொல்லே எங்களுக்குத் தோன்றவில்லை. வயிற்றுக்கு ஸ்கேன், நெஞ்சுக்கு இ.சி.ஜி., வாய்வழியாகக் குழாய் விட்டு எண்டோஸ்கோபி என்று எல்லாம் பார்த்தோம். எல்லாமே நார்மல். டவுனில் ஒரு டாக்டர் “வயசாகுதுல்லா” என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை மூன்று மாதம் மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டியே வாங்கினோம். சீட்டுப் பணம் முழுக்கக் கரைந்தது. கடைசியில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில், கால் மணி நேரப் பேச்சில் விஷயம் பிடிபட்டது. அந்த நாலைந்து மாதத்தை இன்னொரு வீடு வீணாக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. கூட நடந்தவள். டாக்டர்களிடம் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக வைக்கிறேன்.

படி 1: அழுகையைத் தேடாதீர்கள், விட்டுப்போனதைத் தேடுங்கள்

நம்ம ஊரில் “எனக்கு மனச்சோர்வு” என்று யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். “ஒரு மாதிரியா இருக்கு”, “வெப்ராளமா வருது”, “நெஞ்சு கனக்கு”, “தலைக்குள்ள கிர்ருன்னு இருக்கு”, “எதுவும் ஓடல” என்பார்கள். உடம்பைச் சொல்வது நமக்குச் சுலபம். மனசைச் சொன்னால் கிறுக்கு என்று பெயர் வந்துவிடும். ஆகையால் மனச்சோர்வு நம் வீடுகளுக்குள் வயிற்று வலியாகவும், முதுகு வலியாகவும், நெஞ்செரிச்சலாகவும், தூக்கமின்மையாகவும் வேஷம் போட்டுத்தான் நுழைகிறது. அந்த வலி பொய்யும் இல்லை. மனச்சோர்வில் உடம்பு நிஜமாகவே வலிக்கும்.

டாக்டர்கள் இரண்டு அறிகுறிகளை முதலில் தேடுகிறார்கள். ஒன்று, நாளின் பெரும்பகுதி மனம் கீழேயே கிடப்பது. மற்றது, முன்பு பிடித்த எதிலும் பிடிப்பில்லாமல் போவது. இரண்டில் ஒன்றாவது இருந்து, தூக்கம், பசி, அசதி, கவனம், குற்றவுணர்ச்சி, பேச்சு நடை மந்தமாவது அல்லது ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவிப்பது, சாவைப் பற்றிய நினைப்பு ஆகியவற்றையும் சேர்த்து மொத்தம் ஐந்தாவது தேறி, அது கிட்டத்தட்ட தினமும், இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நீடித்து, அன்றாட வேலையையும் கெடுத்தால் அதை மனச்சோர்வு நோய் என்கிறார்கள்.

இரண்டாவது அறிகுறிதான் நமக்கு அதிகம் உதவும். ஒவ்வொரு ஆளுக்கும் கேட்காமலே செய்கிற ஒரு காரியம் இருக்கும். விடியற்காலையில் எழுந்து தெளித்துக் கோலம் போடுவது, ஆற்றில் போய் முங்கிக் குளிப்பது, சாயங்காலம் டீக்கடை பெஞ்சு, பேரனைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவது என்று எதுவாகவும் இருக்கலாம். அது நின்றுபோனதா, எப்போது நின்றது என்று பாருங்கள். எங்கம்மா அந்த வருஷம் அம்மன் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்கப் போகவில்லை. “தூக்கம் வருது, நீங்க போங்க” என்றாள். அவள் தூங்கவும் இல்லை. இதை நாங்கள் கவனித்தது ஆறு மாதம் கழித்து.

எல்லோரிடமும் ஒரே முகத்தைக் காட்டாது. ஆண்களுக்கு இது பெரும்பாலும் கோபமாக வரும். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார்கள், குடி கூடும், கடையைச் சீக்கிரம் அடைப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்பார்கள், வயிறு வலிக்கிறது என்பார்கள், மார்க்கு சடாரென்று இறங்கும். வயதானவர்கள் “எல்லாம் மறந்து போகுது” என்று புலம்புவார்கள். புத்தி தடுமாறுகிறது என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். சரியான சிகிச்சை கொடுத்தால் இந்த மறதியில் நல்ல பங்கு திரும்பி வரும்.

படி 2: ஒன்பது கேள்வி, ஒரு துண்டுச் சீட்டு

உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்தும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. பெயர் பி.எச்.க்யூ-9. கடந்த இரண்டு வாரத்தை நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதிக்கு மேற்பட்ட நாள்களில் என்றால் 2, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3.

கேட்பது இவ்வளவுதான். எதிலும் ஆசையோ பிடிப்போ இல்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, விடிவே இல்லை என்று தோன்றியதா? தூக்கம் வராமலோ, அளவுக்கு மீறியோ இருந்ததா? அசதியா? பசி செத்துப்போனதா, அல்லது கண்டபடி சாப்பிட்டீர்களா? நான் எதற்கும் லாயக்கில்லை, குடும்பத்துக்குப் பாரம் என்று தோன்றியதா? பேப்பர் படிப்பதில், டி.வி. பார்ப்பதில்கூட மனம் நிற்கவில்லையா? மற்றவர்கள் கவனிக்கிற அளவுக்குப் பேச்சும் நடையும் மந்தமானதா, அல்லது நிலைகொள்ளாமல் அலைந்தீர்களா? செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ நினைப்பு வந்ததா?

கூட்டினால் அதிகபட்சம் 27 வரும். 5க்குக் கீழே பெரிதாக ஒன்றும் இல்லை. 5 முதல் 9 வரை லேசானது. 10 வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டிய இடம். 15 வந்தால் கடுமையை நெருங்குகிறது. 20 வந்தாலே கடுமை. கடைசிக் கேள்விக்கு மட்டும் வேறு கணக்கு. மொத்தம் எத்தனையாக இருந்தாலும், அதில் 1 விழுந்தால்கூட அன்றைக்கே ஒருவரிடம் பேச வேண்டும்.

இந்த எண்ணை வைத்து நோய் என்று முத்திரை குத்த முடியாது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைப்பது மாதிரிதான் இது. என்ன காய்ச்சல் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் தேதியைப் போட்டு எழுதி வைத்தால் ஒரு லாபம் உண்டு. இரண்டு மாதம் கழித்து மருந்து கேட்கிறதா இல்லையா என்று இந்தச் சீட்டு சொல்லும். எங்கம்மாவுக்கு முதல் தடவை 19. எழுதப் படிக்கத் தெரிந்தவள்தான், ஆனாலும் நான்தான் வாசித்துக் கேட்டேன். “பாரம்” என்ற கேள்வி வந்தபோது சுளகின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, “அது எப்பவும் தோணுறதுதானட்டி” என்றாள்.

படி 3: வேறு எதுவாகவும் இருக்கலாமா?

தைராய்டு குறைந்தால் அப்படியே மனச்சோர்வு மாதிரி இருக்கும். ரத்தசோகையும் வைட்டமின் பி12 குறைவும் ஆளைச் சுருட்டிப் படுக்க வைக்கும். சர்க்கரை ஏறி இறங்குவதும், ஸ்டீராய்டு மாதிரியான சில மருந்துகளும் மனசைக் கலைக்கும். எனவே தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், சர்க்கரை, பி12 இந்த நாலும் ஒரு தடவை பார்ப்பது நியாயம். அதோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு ஸ்கேனும் நார்மல் என்று வரும்போது அடுத்த ஸ்கேனுக்கு ஓடுவது நாங்கள் செய்த தப்பு.

துக்கம் வேறு, இது வேறு. வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பதினாறு கழிந்தும் மனசு ஆறாது, ஆறவும் கூடாது. ஆனால் துக்கம் அலை மாதிரி வரும், போகும். இடையில் பழைய கதை பேசிச் சிரிக்கவும் முடியும். மனச்சோர்வில் அந்த இடைவெளி கிடையாது. செத்தவரை நினைப்பதைவிட, நான் எதற்கு இருக்கிறேன் என்ற நினைப்பே மேலோங்கும். ஒன்று மற்றதாக மாறவும் செய்யும்.

பிள்ளை பெற்ற பெண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். அதையும் தாண்டி, பிள்ளையைத் தூக்கவே மனசு வரவில்லை, எனக்குத் தாயாக இருக்கத் தகுதி இல்லை என்றெல்லாம் வந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. “பால் கொடுக்குறா, மாத்திரை சாப்பிடக் கூடாது” என்று பெரியவர்கள் தடுப்பார்கள். பால் கொடுக்கும்போதும் கொடுக்கத்தக்க மாத்திரைகள் இருக்கின்றன. டாக்டர் தேர்ந்தெடுத்துத் தருவார். பிரசவமான கையோடு தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொன்னால் அது அவசரம். திருநீறு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்றையும் டாக்டர் கேட்பார், கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். இதற்கு முன் எப்போதாவது தலைகீழாக, தூக்கமே தேவைப்படாமல், ஓயாமல் பேசி, கையில் இருந்த பணத்தையெல்லாம் வாரி இறைத்து, தன்னைப் பெரிய ஆளாக நினைத்துத் திரிந்த காலம் இருந்ததா? இருந்தால் அது இருதுருவ நோயாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மறுபக்கம் தூக்கிவிடும். மருந்தே வேறு.

படி 4: கேட்கப் பயப்படும் கேள்வியைக் கேளுங்கள்

செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று கேட்டால், இல்லாத நினைப்பை நாமே தூண்டிவிட்டதாகிவிடும் என்று வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள். அப்படி ஆகாது. கேட்டதும் பெரும்பாலானவர்களுக்குப் பாரம் கொஞ்சம் இறங்குகிறது. சுற்றி வளைக்காமல், சத்தம் போடாமல், தனியாக உட்கார்ந்து, “எம்மா, உசுரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?” என்று நான் கேட்டேன். உடனே “இல்ல” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “தூங்கும்போதே போயிட்டா நல்லதுன்னு தோணும்” என்றாள். இதுவும் பதில்தான். இதை டாக்டரிடம் அப்படியே சொல்ல வேண்டும்.

எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருந்தால் தனியாக விடாதீர்கள். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தையும், வீட்டில் இருக்கும் மாத்திரைகளையும் அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள், அல்லது பூட்டிச் சாவியை உங்களிடம் வையுங்கள். இந்த நினைப்பு பெரும்பாலும் ஏறி இறங்குகிற ஒன்று. ஏறி நிற்கும் அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமலிருந்தாலே உயிர் தப்புகிறது. உடனே பேச 14416. இது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. சென்னையிலிருக்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. ஏற்கெனவே எதையாவது செய்துவிட்டால் 108.

போலீஸ் கேஸாகுமே என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கி உயிரை விட்ட வீடுகள் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் (இ.பி.கோ.) 309ஆம் பிரிவு மாதிரி முயற்சி செய்தவரையே பொதுவாகத் தண்டிக்கிற பிரிவு கிடையாது. அதனால் முதலில் ஆஸ்பத்திரி.

படி 5: எங்கே போவது

பாளையங்கோட்டையில் இருக்கும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத்தான் நாம் ஹைகிரவுண்டு என்கிறோம். காலையில் போய் ஓ.பி. சீட்டு போடும்போது “மனநலப் பிரிவு” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பின்னால் எங்கள் தெரு ஆள் யாராவது நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே போய்ப் பார்த்தால் பெஞ்சு நிறைய ஆட்கள். ஒரு வாத்தியார், ஒரு போலீஸ்காரர், கைக்குழந்தையோடு ஒரு பெண், எங்கம்மா மாதிரியே மஞ்சப்பையில் பழைய ஸ்கேன்களை எல்லாம் சுமந்து வந்த ரெண்டு பேர். 2015-16இல் எடுத்த தேசிய மனநல ஆய்வு, வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் பெரியவர்களில் ஏறக்குறைய 20 பேருக்கு ஒருவர் என்றது. அந்தக் கணக்குப்படி எந்தத் தெருவும் இதற்கு விலக்கில்லை.

தென்காசிப் பக்கத்தவர்களுக்கு மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையும், தூத்துக்குடிப் பக்கத்தவர்களுக்கு அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரியும் கிட்டம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில், “மனநல டாக்டர் எந்தக் கிழமை வருவாங்க?” என்று கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டர்கள் முறை வைத்து தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரையும் இலவசம்.

யாரைப் பார்ப்பது என்பதில் ஒரு குழப்பம் உண்டு. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர். மாத்திரை எழுத முடியும். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர், மாத்திரை எழுத மாட்டார். ‘கவுன்சலிங்’ என்று போர்டு மாட்டியிருப்பவர்களில் படித்தவர்களும் இருக்கிறார்கள், ரெண்டு நாள் வகுப்புக்குப் போய் வந்தவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. அந்தத் துண்டுச் சீட்டில் 10 அல்லது அதற்கு மேல் வந்திருந்தால் முதலில் மனநல மருத்துவர் என்பது என் கட்சி.

படி 6: டாக்டர் முன்னால் என்ன சொல்வது

கூட்டம் அதிகம், கிடைப்பது கொஞ்ச நேரம். “ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்” என்று ஆரம்பித்தால் அதிலேயே முடிந்துவிடும். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எப்போதிலிருந்து, முன்பு என்ன செய்தார், இப்போது என்ன செய்யவில்லை, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, எடை குறைந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், குடி உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, சாவைப் பற்றி என்ன சொன்னார். நான் எழுதிய முதல் வரி “800 பீடி 300 ஆகிவிட்டது”. டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு எங்கம்மாவிடம் திரும்பினார்.

“ராத்திரி எத்தனை மணிக்கும்மா முழிப்பு வருது?”

“மூணு மணி இருக்கும்மா. அதுக்கப்புறம் முகட்டப் பாத்துக்கிட்டே கெடப்பேன்.”

“அப்ப என்ன நெனைப்பீங்க?”

அம்மா பதில் சொல்லவில்லை. முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன்.

விடியலுக்கு ரெண்டு மூன்று மணி நேரம் முந்தி முழித்துக்கொள்வதும், காலையில் மோசமாக இருந்து சாயங்காலம் கொஞ்சம் தெளிவதும் கடுமையான மனச்சோர்வின் அடையாளம் என்று அப்புறம்தான் தெரிந்தது. உங்கள் வீட்டு ஆள் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று குறித்துக்கொண்டு போங்கள். நோயாளியைத் தனியாகவும் கொஞ்ச நேரம் பேச விடுங்கள். மருமகள் பக்கத்தில் இருக்கும்போது மாமியார் சொல்ல மாட்டாள், மாமியார் இருக்கும்போது மருமகளும் சொல்ல மாட்டாள்.

படி 7: மாத்திரை

வழிகாட்டிகள் பலவும் இந்த இடத்தை ரெண்டு வரியில் தாண்டிவிடுகின்றன. வீட்டில் சண்டையே இங்கேதான் நடக்கிறது.

இப்போது அதிகம் எழுதுவது எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளுவாக்செடின் வகை. தூக்க மாத்திரை வேறு, இவை வேறு. இன்னும் வேண்டும் என்று ஏங்க வைக்கும் பழக்கத்தையும் இவை உண்டாக்குவதில்லை. இவற்றோடு ஒரு சங்கடம் உண்டு. தொந்தரவு முதலில் வரும், பலன் பின்னால் வரும். முதல் வாரம் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, படபடப்பு வரலாம். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கும். மனசு தெளிய 2 முதல் 4 வாரம், முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரம். ஐந்தாம் நாள், “இத சாப்பிட்டதுலேருந்துதான் கூடுதலா படுத்துது” என்று எங்கம்மா டப்பாவைத் தள்ளி வைத்தாள். போன் போட்டுக் கேட்டோம். சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார்கள். குமட்டல் நின்றது. 25 வயதுக்கு உட்பட்டவர்களை ஆரம்ப வாரங்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்; தவிப்போ சாகும் நினைப்போ கூடினால் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவதும் உண்டு. வெட்கப்பட்டு மருந்தை நிறுத்துவதைவிட, சொல்லி மாற்றிக்கொள்வது நல்லது.

அல்பிரசோலம், குளோனசெபாம் மாதிரி மாத்திரைகள் தூக்கத்துக்கும் படபடப்புக்கும் ஆரம்பத்தில் சில வாரம் தருவார்கள். பழகிப்போய் விட முடியாமல் ஆவது இந்த வகைதான். இதை மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டித் தொடராதீர்கள். நாங்கள் தொடர்ந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடுவிப்பதற்குத் தனியாக ஒரு மாதம் ஆனது.

பீடி சுற்றுகிறவர்கள், வயல் வேலைக்காரர்கள் வீடுகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. கைவலி, முதுகுவலி என்று டைக்ளோஃபினாக், ஐப்யூபுரூஃபன் வலி மாத்திரை தினமும் போடும் பழக்கம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. டிரமடால் வலி மாத்திரையும் இதோடு ஒத்துப்போகாது. வயதானவர்களுக்கு ரத்தத்தில் உப்புச்சத்து இறங்கிக் கிறுகிறுப்பும் குழப்பமும் வரலாம், ஒரு சோடியம் டெஸ்டில் தெரிந்துவிடும். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியிலோ வேறெங்கோ சித்த மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் அதை இரண்டு பக்கத்து டாக்டருக்கும் மறைக்காமல் சொல்லுங்கள்.

“ஷாக் வைப்பாங்களோ” என்ற பயம் பெரிது. மின்சிகிச்சை என்பது மருந்து கேட்காத, அல்லது உயிருக்கே ஆபத்தான கடும் மனச்சோர்வுக்கானது. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் அதைச் செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. சினிமாவில் பார்த்ததை மறந்துவிடுங்கள்.

படி 8: பேச்சும் ஒரு கட்டுப் பீடியும்

லேசான மனச்சோர்வுக்குப் பேச்சுச் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். அதற்கு மேலே போனால் மாத்திரையும் பேச்சும் சேர்ந்து நடப்பது நல்லது. வாராவாரம் உளவியலாளரைப் பார்க்க எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அதில் ஒரு பகுதியை வீட்டிலேயே செய்யலாம். மனசு சரியானால் வேலை செய்வேன் என்று காத்திருக்காமல், வேலையைத் துளித்துளியாகத் தொடங்கினால் மனசு பின்னால் வரும் என்பதுதான் அதன் சூட்சுமம். டாக்டரம்மா எங்கம்மாவிடம், “800 வேண்டாம்மா. நாளைக்கு ஒரே ஒரு கட்டு” என்றார். 25 பீடி. நான் டி.வி.யை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணிக்கு மேல் ஆனது. மறுநாளும் ஒரு கட்டு. நாலாம் நாள் அவளாகவே ரெண்டாவதுக்கு இலை வெட்டினாள்.

உங்களுக்குப் பீடி இல்லையென்றால் வாசல் தெளிப்பது, சாயங்காலம் தெருக்கோடி வரை நடப்பது, ஒரு ஆளுக்குப் போன் பேசுவது என்று ஏதாவது ஒன்று. எத்தனை மணிக்கு என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். மனசு கேட்கிறதா என்று காலையில் யோசித்தால் அது ‘இல்லை’ என்றுதான் சொல்லும்.

வீட்டுக்காரர்களுக்கு

“உனக்கு என்ன குறை?” என்று கேட்காதீர்கள். குறை என்ன என்று அவருக்கே தெரியாமல்தான் கிடக்கிறார். “எங்க காலத்துல இதெல்லாம் ஏது” என்பதும் வேண்டாம். அந்தக் காலத்தில் கிணற்றடிக் கதைகள் எத்தனை என்று ஆச்சிகளைக் கேளுங்கள். “நான் பஸ் ஏறிக் கூட வாரேன்” என்பது நல்ல பேச்சு. சாப்பாட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதும் நல்லதுதான்.

கோவில் விஷயம். செய்வினை, காத்துக்கருப்பு என்று மந்திரிக்கப் போனதை நான் மறைக்கப் போவதில்லை, நாங்களும் போனோம். புளியம்பட்டி அந்தோணியார் கோவிலுக்கோ, ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்கோ, சொரிமுத்து அய்யனுக்கோ போவது மனசுக்கு ஆறுதல் தருமென்றால் போங்கள். மாத்திரை டப்பா பையில் இருக்கட்டும். கட்டிப்போட்டு வைக்கிற, பட்டினி போடுகிற, மருந்தை நிறுத்தச் சொல்கிற இடமென்றால் திரும்பி வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கினார்கள், 28 பேர் இறந்தார்கள். சங்கிலி போடுவது இன்றைக்குச் சட்டப்படி குற்றம். அதே 2017 சட்டம், உங்கள் நோய் விவரத்தைச் சிகிச்சை தருபவர்கள் வெளியே சொல்லக் கூடாது என்றும், காப்பீட்டில் மற்ற நோய்களைப் போலவே மனநோயையும் சேர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது.

படி 9: எப்போது நிறுத்துவது

நல்லாகிவிட்டது என்று தோன்றும் நாளில் நிறுத்தாதீர்கள். அந்த நாளிலிருந்து இன்னும் ஆறு மாதமாவது, பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடரச் சொல்வார்கள். இரண்டாவது, மூன்றாவது தடவை வந்தவர்களுக்கு அதற்கும் மேல். பாதியில் விட்டவர்களுக்குத் திரும்ப வருகிற வாய்ப்பு கூடுதல். நிறுத்தும்போதும் டாக்டர் சொல்லும் அளவில் வாரக்கணக்கில் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். சட்டென்று விட்டால் தலைச்சுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்ந்த மாதிரி வெட்டு எல்லாம் வரும். அதைப் பார்த்து “அடிமையாகிட்டேன்” என்று பயந்துபோவார்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது. எட்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் அந்தத் துண்டுச் சீட்டில் எண் இறங்கவில்லையென்றால் அளவைக் கூட்டவோ, வேறு மருந்து மாற்றவோ கேளுங்கள். முதல் மருந்து கேட்காததால் எந்த மருந்தும் கேட்காது என்று ஆகிவிடாது.

திரும்ப வருவதற்கு முன் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் அறிகுறி இருக்கும். ஒருவருக்கு மூன்று மணி முழிப்பு, இன்னொருவருக்குக் குழம்பில் உப்பு மறப்பது. அது எது என்று நல்லா இருக்கும்போதே நோயாளியோடு உட்கார்ந்து பேசி, ஆஸ்பத்திரி நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். எங்கள் நோட்டில் அம்மா சொல்லி நான் எழுதியது ஒரே வரி: சம்பளம் வாங்குகிற நாளில் அந்த வாரம் எத்தனை பீடி என்று அம்மா தானாகச் சொல்லாவிட்டால், மறுநாள் நான் லீவு போட வேண்டும்.